பழைய கம்பளத்துல இருக்குற டிசைனுக்கு நெஜமாவே அர்த்தம் உண்டா?

நெட்ல ஒரு படம் அடிக்கடி சுத்துது. ஒரு பழைய கம்பளம், அதுல ஒவ்வொரு உருவத்துக்கும் அம்புக்குறி போட்டு, ஒட்டகம்னா செல்வம், சீப்புன்னா சுத்தம், சிங்கம்னா வீரம், மாதுளைன்னா நெறைய புள்ளைங்க, கொக்கி போட்ட டிசைன்னா கண்ணேறு படாதுன்னு ஒரு பட்டியல். கீழ "நெசவாளிகளோட ரகசிய மொழி"ன்னு ஒரு வரி. இன்னொரு பக்கம் 2013ல நியூயார்க்ல சாத்பீஸ் ஏலத்துல 17ஆம் நூற்றாண்டு ஈரான் கம்பளம் ஒண்ணு 3 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல போச்சு, ஏலத்துல போன கம்பளங்கள்லயே பெரிய விலை அது. அளவு என்னமோ ஒரு கிங் சைஸ் மெத்தையை விட கொஞ்சம் தான் பெருசு. அதுல ஒட்டகமும் இல்ல சீப்பும் இல்ல, அரிவாள் மாதிரி வளைஞ்ச இலைங்க, பூ, கொடி, அவ்வளவு தான்.

இந்த ரெண்டையும் சேத்து பாக்குறவங்க, உள்ள ஏதோ பெரிய அர்த்தம் ஒளிஞ்சிருக்குறதால தான் இந்த விலை போல, அந்த பட்டியலை மனப்பாடம் பண்ணிட்டா நாமளும் கம்பளத்தை படிச்சிடலாம்னு நினைச்சுக்குறாங்க. அது அப்படி இல்ல. சில கம்பளத்துல அர்த்தம் சந்தேகமே இல்லாம இருக்கு, எழுத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. நெறைய கம்பளத்துல அர்த்தம்னு சொல்றது வித்தவங்களும் வாங்குனவங்களும் பின்னாடி ஒட்டுனது. எது எந்த வகைன்னு பிரிக்க தறியில இருந்து ஆரம்பிக்கணும்.

மொதல்ல தறி

1. பாவு, ஊடை. நீளவாக்குல தறியில இழுத்து கட்டுற நூல் பாவு, குறுக்க போற நூல் ஊடை. புடவைக்கு என்னவோ அதே தான் இங்கயும்.

2. முடிச்சு. பாவு நூல் ரெண்டை சேத்து ஒரு சின்ன கம்பளி நூலை சுத்தி, ரெண்டு நுனியையும் முன்பக்கம் இழுத்து வெட்டி விடுவாங்க. ஒரு வரிசை முடிச்சு முடிஞ்சதும் ஊடை ஓட்டி சீப்பு மாதிரி ஒரு கருவியால தட்டி இறுக்குவாங்க. மேல மெத்துன்னு நிக்குற ரோமம் எல்லாம் இந்த முடிச்சோட நுனிங்க தான். ரெண்டு பாவையும் முழுசா சுத்துனா அது துருக்கி முடிச்சு, ஒண்ணை முழுசா சுத்தி இன்னொண்ணை சும்மா அணைச்சிட்டு வந்தா பாரசீக முடிச்சு. பாரசீக முடிச்சுக்கு பழைய புத்தகங்கள்ல சென்னே முடிச்சுன்னு பேரு, ஆனா அந்த சென்னே ஊர்ல, அதாவது இன்னைக்கு ஈரான்ல இருக்குற சனந்தஜ்ல, நெய்யுறவங்க போடுறது துருக்கி முடிச்சு. கம்பள உலகத்துல பேரை நம்பக் கூடாதுங்குறதுக்கு இது மொத உதாரணம், இன்னும் வரும்.

3. முடிச்சு இல்லாத வகை. நம்ம பவானி ஜமக்காளம் மாதிரி ஊடை நூலே டிசைனா தெரியுற தட்டையான நெசவு. துருக்கி, ஈரான் பக்கம் இதை கிலிம்னு சொல்வாங்க.

4. நெருக்கம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை முடிச்சுங்குற கணக்கு. கூடாரத்துல வாழ்ற நாடோடி வீட்டு முரட்டு கம்பளத்துல இது 10க்கும் கீழ இருக்கலாம், அரசவைக்கு நெஞ்சதுல 50ஐ தாண்டும். கீழ வர்ற முக்கால்வாசி விஷயத்துக்கு இந்த ஒரு நம்பர் தான் காரணம்.

கட்டம் கட்டமா ஏன் இருக்கு

புள்ளி கோலம் போடுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். அஞ்சு புள்ளி வெச்சுட்டு மயில் போடணும்னா அது மயில் மாதிரி இருக்காது, மூலை மூலையா ஏதோ ஒண்ணு வரும், இருபது புள்ளி வெச்சா கழுத்தை வளைக்கலாம். கம்பளத்துல ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. நெருக்கம் கம்மின்னா வளைவே வராது, ரோஜா எண்கோணமா ஆயிடும், கொடி படிக்கட்டா ஆயிடும், பறவை ரெண்டு முக்கோணமா ஆயிடும். அதனால ஒரு முரட்டு கம்பளத்துல எண்கோணத்தை பாத்துட்டு "எட்டு திசை"ன்னு விளக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி அது எங்கயோ பாத்த பூவோட நகலா இருக்குமோன்னு யோசிக்கணும்.

கிலிம்ல இன்னொரு கட்டுப்பாடு. ஒரு கலர் நூல் ஒரு எல்லை வரைக்கும் போய் திரும்பிடும், பக்கத்து கலர் அந்த பக்கத்துல இருந்து வந்து திரும்பிடும். ரெண்டுக்கும் நடுவுல எல்லைக்கோடு நேர் செங்குத்தா இருந்தா அங்க துணி பிரிஞ்சு ஒரு கீறல் விழும். சின்ன கீறல்னா பரவால்ல, நீளமா விழுந்தா கிலிம் பலமே இல்லாம போயிடும், அதனால கோட்டை சாய்வா, படிப்படியா நகர்த்திக்கிட்டே போவாங்க. அப்படி போனா தானா என்ன வடிவம் வரும்? வைரம், முக்கோணம், படிக்கட்டு, கொக்கி. உலகத்துல எங்க இந்த நெசவு இருந்தாலும், தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலையில கூட, இதே மாதிரி வடிவங்கள் வருது, அங்க இருக்குறவங்களும் அனடோலியாக்காரங்களும் (துருக்கியோட ஆசியப் பகுதி) பேசி வெச்சுக்கிட்டு செய்யல, நூல் அப்படி தான் போகும்.

கண்ணேறுக்காக கொக்கி போட்டாங்கன்னு சொல்றது முழு பொய்னு இதுக்கு அர்த்தம் இல்ல. வடிவம் தறியில இருந்து வந்திருக்கலாம், அதை பாத்து "இது கண்ணேறு எடுக்கும்"னு அம்மா பொண்ணுக்கு சொல்லியும் இருக்கலாம். ஆனா வடிவம் முன்னாடி, கதை பின்னாடி.

நெய்யுறது ஒருத்தர், வரையுறது இன்னொருத்தர்

"நெசவாளி தன் மனசுல இருக்குறதை நெஞ்சிருக்கா"ன்னு எழுதுறவங்க ஒரு விஷயத்தை மறந்துடுறாங்க, எல்லா கம்பளமும் ஒரே மாதிரி இடத்துல உருவாகல.

நாடோடி கூட்டத்துலயும் கிராமத்துலயும் பெரும்பாலும் பொம்பளைங்க தான் நெய்வாங்க, மனப்பாடமா, இல்ல பழைய கம்பளம் ஒண்ணை பக்கத்துல வெச்சுக்கிட்டு பாத்து. பார்டர் மூலையில வந்து திரும்பும்போது டிசைன் பாதியில வெட்டுப்பட்டு இடிச்சுக்கிட்டு நிக்குதுன்னா அது இந்த வகை, முன்கூட்டி கணக்கு போட்டு வெச்சுக்கல. நகரத்து பட்டறையில அப்படி இல்ல. அங்க கட்டம் போட்ட தாள்ல வரைபடம் போடுறவர் தனி ஆள், சாயக்காரர் தனி, நெய்யுறவர் தனி. மூலையில பூக்கொடி தடையில்லாம அழகா திரும்பும். காஷ்மீர்ல இன்னும் ஒரு படி மேல போய் டிசைனை குறியீட்டு எழுத்தா மாத்தி வெச்சிருக்காங்க, தாலிம்னு பேரு, எந்த கலர்ல எத்தனை முடிச்சுன்னு அதுல இருக்கும், ஒருத்தர் சத்தமா படிக்க தறியில இருக்குறவங்க முடிச்சு போட்டுக்கிட்டே வருவாங்க. நெய்யுறவங்களுக்கு முழு டிசைன் எப்படி வரப்போகுதுன்னு தெரியணும்னு கட்டாயம் கூட இல்ல. நிஜமாவே குறியீட்டு மொழி ஒண்ணு கம்பளத்துல இருக்குன்னா அது இது தான், ஆனா அது சொல்றது "சிவப்பு மூணு, நீலம் ரெண்டு".

அப்போ அர்த்தம் யாரோடது? பட்டறை கம்பளத்துல வரைஞ்சவரோடது, இல்ல ஆர்டர் குடுத்தவரோடது. கிராமத்து கம்பளத்துல அந்த ஊர் வழக்கத்தோடது. தனி ஒரு நெசவாளியோட மனசை அதுல தேடுறது பெரும்பாலும் வீண் வேலை.

வடிவம் ஊர் மாறும், அர்த்தம் கூடவே போகாது

நமக்கு கிடைச்சதுலயே மிகப் பழைய முழு கம்பளம் சைபீரியாவுல அல்தாய் மலையில பசிரிக்ங்குற இடத்துல பனியில உறைஞ்ச கல்லறையில கிடைச்சது, 1949ல செர்கேய் ருதென்கோ தோண்டி எடுத்தார், கிட்டத்தட்ட 2,400 வருஷம் பழசு, இப்போ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஹெர்மிடாஜ் மியூசியத்துல இருக்கு. அதோட பார்டர்ல 28 குதிரைவீரர்கள் சுத்தி வர்றாங்க, இன்னொரு பார்டர்ல மான்கள். நடுவுல சதுரம் சதுரமா நாலு இதழ் பூ. இந்த நடு டிசைன், இன்னைக்கு இராக்ல இருக்குற பழைய நினிவே நகரத்துல அசீரிய அரண்மனை வாசல்ல கல்லுல செதுக்கி வெச்சிருக்குற தரை டிசைனுக்கு ரொம்ப கிட்டத்துல இருக்கு. அதாவது நம்ம கையில இருக்குற மொத கம்பளமே ஏற்கனவே எங்கயோ இருந்த டிசைனோட சொந்தக்காரன்.

இந்த நகல் வேலை எப்படி நடக்குதுன்னு காட்ட மூணு உதாரணம்.

1. படிக்க முடியாத எழுத்து. 15, 16ஆம் நூற்றாண்டு அனடோலியா கம்பளங்கள்ல பார்டர் முழுக்க பின்னல் பின்னலா ஒரு டிசைன் வரும். கூஃபிங்குற பழைய பாணி அரபி எழுத்து அது, அதாவது எழுத்தா இருந்து அலங்காரமா மாறிப்போனது. உத்து பாத்தா அலிஃப், லாம்ங்குற அரபி எழுத்துங்க மாதிரி கோடுங்க நிக்கும், ஆனா ஒரு வார்த்தையும் தேறாது. இதுல ஒரு வகையை ஹோல்பைன் கம்பளம்னு சொல்றாங்க, இன்னொண்ணை லோட்டோ கம்பளம்னு சொல்றாங்க, அந்த ரெண்டு பேரும் நெசவாளி இல்ல, ஐரோப்பிய ஓவியர்கள், அவங்க ஓவியத்துல மேஜை மேல, காலடியில இந்த கம்பளங்கள் இருந்ததால அந்த பேரு ஒட்டிக்கிச்சு. நெஞ்சவ பேரு போச்சு, படம் போட்டவன் பேரு நின்னுடுச்சு.

2. டிராகனும் ஃபீனிக்ஸும். மங்கோலியர்கள் 13ஆம் நூற்றாண்டுல ஈரான் வரைக்கும் வந்ததும் சீன டிசைன் எல்லாம் மேற்க பரவுச்சு. பெர்லின் மியூசியத்துல ஒரு 15ஆம் நூற்றாண்டு அனடோலியா கம்பளம் இருக்கு, மஞ்சள் தரையில எண்கோணத்துக்குள்ள டிராகனும் ஃபீனிக்ஸும் சண்டை போடுது. சீனாவுல அந்த ஜோடின்னா சக்கரவர்த்தியும் மகாராணியும். அனடோலியாவுக்கு வர்றதுக்குள்ள அது ரெண்டு முரட்டு பூச்சி மாதிரி ஆயிடுச்சு, அதை நெஞ்சவளுக்கு பெய்ஜிங் ராணியை பத்தி என்ன தெரிஞ்சிருக்கும்?

3. மாங்கா. காஞ்சிபுரம் பட்டுல நாம மாங்கான்னு சொல்றது ஈரான்ல போத்தே, ஐரோப்பாவுல பெய்ஸ்லி. பெய்ஸ்லிங்குறது ஸ்காட்லாந்துல ஒரு ஊர், காஷ்மீர் சால்வையை காப்பி அடிச்சு நெஞ்ச ஊர். அஜர்பைஜான்ல இதை நெருப்புச் சுடர்னு சொல்வாங்க, ஈரான்ல சில பேர் காத்துல சாஞ்ச சைப்ரஸ் மரம்னு சொல்வாங்க, இன்னும் சிலர் பைன் மரத்து காய்னு சொல்வாங்க. ஆனா காஷ்மீர் சால்வைகளை வருஷ வரிசையா அடுக்கி பாத்தா வேற கதை தெரியுது: 17ஆம் நூற்றாண்டுல முகலாயர் காலத்து சால்வையில வேரோட ஒரு ஒத்தை பூச்செடி, லேசா தலை சாஞ்சு. அடுத்த நூற்றாண்டுல அது ஜாடியில வெச்ச பூங்கொத்தா அடர்த்தியாகுது. அப்புறம் பூங்கொத்துக்கு வெளிக்கோடு விழுந்து நுனி வளைஞ்ச கூம்பு ஆகுது. 19ஆம் நூற்றாண்டுல பூ போய் கூம்பு மட்டும் நீண்டு நிக்குது. போத்தேங்குற சொல்லுக்கே புதர், செடின்னு தான் அர்த்தம். சுடர், மரம், மாங்கா எல்லாம் அவங்கவங்க ஊர்ல கண்ணுக்கு பழகுன பொருள், அதை சொல்றதால நம்மள பத்தி தான் தெரியுது, செடியை பத்தி இல்ல.

இதே கதை ஈரான்ல ஹெராத்தி டிசைனுக்கும் உண்டு, நடுவுல வைரம், சுத்தி நாலு வளைஞ்ச இலை. இலைங்குறவங்க இலைன்னு சொல்றாங்க, ஈரான் கடைக்காரங்க அதை மாஹின்னு சொல்றாங்க, மாஹின்னா மீன்.

அர்த்தம் உறுதியா இருக்குற இடங்கள்

இதுவரைக்கும் படிச்சுட்டு எல்லாமே சும்மான்னு முடிவு பண்ணிட வேண்டாம். அர்த்தம் கெட்டியா நிக்குற கம்பளங்களும் இருக்கு, அதுக்கெல்லாம் கம்பளத்துக்கு வெளியில ஒரு சாட்சி இருக்கும், எழுத்தோ மொழியோ சடங்கோ.

அர்தபில் கம்பளம். லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல தரையில கண்ணாடிக்குள்ள விரிச்சு வெச்சிருக்காங்க, நிறம் வெளிறாம இருக்க ஒவ்வொரு அரை மணிக்கும் பத்து நிமிஷம் தான் லைட் போடுவாங்க. சுமார் 10.5 மீட்டர் நீளம், 5.3 மீட்டர் அகலம், இரண்டரை கோடிக்கும் மேல முடிச்சு. ஒரு ஓரத்துல சின்ன கட்டத்துக்குள்ள பாரசீக கவிஞர் ஹாஃபிஸோட ஈரடி இருக்கு: உன் வாசற்படியை விட்டா இந்த உலகத்துல எனக்கு வேற அடைக்கலம் இல்ல, இந்த கதவை விட்டா என் தலை சாய்க்க வேற இடம் இல்ல, அப்படிங்குற பொருள்ல. அதுக்கு கீழ "வாசலின் அடிமை காஷானைச் சேர்ந்த மக்சூதின் வேலை, 946"ன்னு கையெழுத்து. ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமிய ஆண்டுக் கணக்குல 946ன்னா கி.பி. 1539-40. வாசற்படி, கதவு, அடிமை, எல்லாம் சேந்து அடைக்கலம் தேடி வந்து நிக்குற ஆளோட குரல், இது பாக்குறவன் கற்பனை பண்ணது இல்ல, நெஞ்சு வெச்சிருக்கு.

நடுவுல பெரிய சூரியன் மாதிரி பதக்கம், அதுல இருந்து ரெண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு தொங்குது. ஒரு விளக்கு பெருசு, ஒண்ணு சின்னது. இதுக்கு ரெண்டு விளக்கம் சுத்துது: சின்ன விளக்கு பக்கத்துல உக்காந்து பாத்தா ரெண்டும் ஒரே அளவா தெரியணும்னு அப்படி செஞ்சாங்கங்குறது ஒண்ணு, முழுமை கடவுளுக்கு மட்டும் தான்னு வேணும்னே குறை வெச்சாங்கங்குறது இன்னொண்ணு. மொத விளக்கத்துக்கு அந்த காலத்து ஈரான்ல வேற உதாரணம் இல்ல. ரெண்டாவதை பத்தி கீழ வரேன். இந்த கம்பளத்துக்கு ஒரு ஜோடி உண்டு, ரெண்டும் நைஞ்சு போனதால ஒண்ணை வெட்டி இன்னொண்ணை முழுசாக்கிட்டாங்க, முழுசானதை 1893ல இங்கிலாந்து டிசைனர் வில்லியம் மோரிஸ் சிபாரிசுல 2,000 பவுண்டுக்கு லண்டன் மியூசியம் வாங்குச்சு, பார்டர் இழந்த ஜோடி இப்போ லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கு.

சீன கம்பளங்கள். அந்த பட்டியல் முறை நெஜமா வேலை செய்யுற இடம் இது தான், காரணம் சிலேடை. சீன மொழியில வௌவாலுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் ஒரே உச்சரிப்பு, ஃபூ. மீனுக்கும் மிச்சம்மீதி வளத்துக்கும் ஒரே உச்சரிப்பு, யூ. ஜாடிக்கும் அமைதிக்கும் பிங். அஞ்சு வௌவால் போட்டா அஞ்சு பாக்கியம். இது நூத்துக்கணக்கான வருஷமா பீங்கான், துணி, மரவேலை எல்லாத்துலயும் எழுத்து ஆதாரத்தோட இருக்கு. மொழி தெரியாதவனுக்கு வௌவால் வெறும் வௌவால். அங்க மடாலயத்து தூண்ல சுத்துறதுக்குன்னே ஒரு வகை கம்பளம் உண்டு, தரையில விரிச்சா டிராகன் வெட்டுப்பட்டு கிடக்கும், தூண்ல சுத்துனா ரெண்டு ஓரமும் சேந்து தூணை சுத்தி ஏறுற டிராகன் ஆயிடும்.

தொழுகை கம்பளம். ஒரு பக்கம் வளைவு இருக்கும், மசூதியில மக்கா திசையை காட்டுற மிஹ்ராப் மாடம் அது. நடுவுல விளக்கு தொங்குச்சுன்னா, இறைவனோட ஒளியை மாடத்துல இருக்குற விளக்குக்கு ஒப்பிடுற குர்ஆன் வசனம், 24ஆம் அத்தியாயம் 35. இதுல சந்தேகம் இல்ல. ஆனா அதே வளைவும் தூணும் போட்ட கம்பளம் ஒண்ணு வாஷிங்டன் டெக்ஸ்டைல் மியூசியத்துல இருக்கு, மேல ஹீப்ரு எழுத்துல "இது கர்த்தருடைய வாசல், நீதிமான்கள் இதில் நுழைவார்கள்"ங்குற பைபிள் சங்கீத வரி, அது யூத ஜெப ஆலயத்துல தோராங்குற வேதச் சுருள் வைக்குற பெட்டிக்கு முன்னாடி தொங்கவிட்ட திரை. டிசைன் ஒரே குடும்பம், சாமி வேற. ருமேனியாவுல டிரான்சில்வேனியா பக்கம் லூத்தரன் சர்ச்சுகள்ல, பிரஷோவ் கறுப்பு சர்ச் மாதிரி இடங்கள்ல, துருக்கி தொழுகை கம்பளங்கள் நெறைய சுவத்துல தொங்குது, அங்க அது அலங்காரம்.

தோட்டக் கம்பளம். மேல இருந்து பாத்த மாதிரி வாய்க்கால், மீன், மரம், பாத்தி எல்லாம் இருக்கும். இது குறியீடே இல்ல, வரைபடம். ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால் மியூசியத்துல ஒண்ணு இருக்கு, 1632ல கணக்கெடுத்து சீட்டு ஒட்டியிருக்காங்க.

துர்க்மென் குல்: ஒரு பாதி உண்மை

சிவப்பு தரையில வரிசை வரிசையா எண்கோணம் வர்ற கம்பளத்தை நெறைய பேர் பாத்திருப்பீங்க, கடையில புகாரான்னு சொல்வாங்க. புகாரா அதை வித்த சந்தை, நெஞ்சது துர்க்மென் இனக்குழுக்கள். அந்த எண்கோணத்துக்கு குல்னு பேரு. தெக்கே குழுவுக்கு ஒரு குல், யோமுத்துக்கு ஒண்ணு, சாரிக்குக்கு ஒண்ணு. சோவியத் ஆய்வாளர் வாலன்டினா மோஷ்கோவா ஒரு கருத்து சொன்னாங்க: குல்ங்குறது குழுவோட சின்னம், கொடி மாதிரி, ஒரு குழு தோத்துட்டா அதோட குல்லை முக்கிய கம்பளத்துல போடுற உரிமை போயிடும், ஜெயிச்சவங்க குல்லை தான் நெய்யணும்னு.

கேக்க ரொம்ப நல்லா இருக்கு, அதனாலயே எல்லா புத்தகத்துலயும் ஏறிடுச்சு. குழுவுக்கு குழு டிசைன் வேறங்குற வரைக்கும் கம்பளங்களே சாட்சி. தோத்தா மாத்தணும்ங்குற சட்டம் அப்படியே நடந்துச்சான்னா, ஒரே குல் பல குழுக்கள் கையில இருக்கு, அதுக்கு போர் மட்டும் காரணமா இருக்கணும்னு இல்ல, கல்யாணம் ஆகி வந்த பொண்ணு கொண்டு வந்திருக்கலாம், சந்தையில எது விக்குதோ அதை நெஞ்சிருக்கலாம். 1881ல கியோக் தெப்பே கோட்டையில ரஷ்யா தெக்கேக்களை தோக்கடிச்சது, அப்புறம் ரயில் வந்துச்சு, ஏற்றுமதி வந்துச்சு. தோத்தவங்க தெக்கே, ஆனா அதுக்கப்புறம் தான் தெக்கே குல் உலகம் பூரா பரவுச்சு, லாகூர்ல கூட இன்னிக்கு வரைக்கும் நெய்யுறாங்க!

வேடிக்கை என்னன்னா கடைக்காரங்க ஆப்கான் பக்கத்து பெரிய குல்லுக்கு யானைக்கால்னு பேரு வெச்சிருக்காங்க. பாலைவனத்துல ஏது யானை. அதே சமயம் 1992ல துர்க்மெனிஸ்தான் தன் தேசியக் கொடியில அஞ்சு குல்லை நெட்டுக்க அடுக்கி வெச்சதுல இருந்து குல் நெஜமாவே கொடி ஆயிடுச்சு. பாதியா இருந்ததை அரசாங்கம் முழுசாக்கிடுச்சு.

கதை எங்கெல்லாம் ஒட்டுச்சு

1. தாய் தெய்வம். துருக்கி கிலிம்ல இடுப்புல கை வெச்ச பொம்பளை மாதிரி ஒரு வடிவம் உண்டு, எலிபெலிந்தேன்னு பேரு. இது 8,000 வருஷம் பழைய தாய் தெய்வம்னு ஒரு பெரிய அலை 1980கள்ல வந்துச்சு. 1960கள்ல துருக்கியில சாத்தல்ஹோயுக்ங்குற கற்கால ஊரை தோண்டுன ஜேம்ஸ் மெல்லார்ட், அங்க சுவர்ல கிலிம் மாதிரியே ஓவியங்கள் இருந்துச்சுன்னு வரைபடங்களை 1989ல வெளியிட்டார். போட்டோ ஒண்ணு கூட இல்ல, ஓவியம் அழிஞ்சு போச்சுன்னார். நெசவு தெரிஞ்சவங்க அப்பவே சண்டை போட்டாங்க. அவர் 2012ல இறந்தார், 2018ல அவர் லண்டன் வீட்டுல கிடைச்ச தாள்களை பாத்த ஆய்வாளர் எபர்ஹார்ட் ஸாங்கர், அந்த வரைபடங்களை அவரே உருவாக்கி பழகிப் பாத்ததுக்கு ஆதாரம் இருக்குன்னு சொன்னார். ஆனா தெய்வக் கதை இன்னிக்கும் கடையில ஓடுது.

2. வேணும்னே வெச்ச குறை. லட்சக்கணக்குல முடிச்சு போடுறப்ப தப்பு தானா வரும், வைக்க வேண்டியதே இல்ல. எது தவறுனது எது வெச்சதுன்னு கம்பளத்தை பாத்து பிரிக்க வழி இல்ல, அதனால இந்த கதைக்கு ஆதாரமும் வராது, சாகவும் சாகாது. விக்குறவருக்கு ரொம்ப வசதி, குறையையே தத்துவமாக்கி விக்கலாம்.

3. நிறம். ஒரே சிவப்பு நடுவுல பட்டை பட்டையா வெளிறி மாறுறதை அப்ரஷ்னு சொல்வாங்க. ஒரு தடவை சாயம் போட்ட நூல் தீந்து அடுத்த தடவை போட்டது கொஞ்சம் மாறிடுச்சு, அவ்வளவே. சிவப்பு அதிகமா இருக்குறதுக்கு மஞ்சிட்டி வேர் குடும்பத்துச் செடி அங்கெல்லாம் தாராளமா கிடைச்சது முக்கிய காரணம். நீலத்துக்கு அவுரி. பச்சைக்கு தனி சாயம் கிடையாது, மஞ்சள் போட்டு அதுமேல அவுரியில முக்கணும், ரெட்டை வேலை, அதனால கம்மியா இருக்கும், மஞ்சள் மங்கிட்டா பச்சை இலை நீல இலை ஆயிடும். அதை பாத்துட்டு "நீல இலை சொர்க்கத்து மரம்"னு எழுதுனவங்களும் உண்டு. கறுப்பு, கரும்பழுப்புக்கு இரும்பு சேர்த்த சாயம், அது கம்பளியை அரிச்சிடும், அதனால பழசுல கறுப்பு கோடு மட்டும் பள்ளமா இருக்கும், செதுக்குன மாதிரி. அதுவும் டிசைன் இல்ல, ரசாயனம்.

போர் கம்பளங்களை இதுல எங்க வைக்குறதுன்னு கேட்டா பதில் சிக்கல். 1979ல சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள வந்ததுக்கு அப்புறம் டாங்க், ஹெலிகாப்டர், கலாஷ்னிகோவ் துப்பாக்கி எல்லாம் கம்பளத்துல ஏறுச்சு. கண்ணால பாத்ததை நெஞ்சாங்கன்னும் சொல்லலாம், வெளிநாட்டுக்காரன் வாங்குறான்னு நெஞ்சாங்கன்னும் சொல்லலாம், பெரும்பாலும் மொதல்ல அது, அப்புறம் இது. 200 வருஷம் கழிச்சு ஒருத்தர் இதுக்கு அம்புக்குறி போட்டு ஹெலிகாப்டர்னா என்னன்னு எழுதும்போது எப்படி இருக்கும்னு நினைச்சு பாருங்க.

கையில ஒரு பழைய கம்பளம் வந்தா பாக்க வேண்டிய வரிசை

1. திருப்பி போட்டு பின்பக்கம். முடிச்சு எந்த வகை, பாவு பருத்தியா கம்பளியா பட்டா, ஒரு வரிசைக்கு எத்தனை ஊடை. ஊரையும் காலத்தையும் சொல்றது பெரும்பாலும் இது தான், முன்பக்க டிசைனை யார் வேணா காப்பி அடிக்கலாம், நெசவுப் பழக்கத்தை மாத்துறது கஷ்டம்.

2. ரோமத்தை விரல்ல பிரிச்சு அடி நிறம். மேல சாம்பலா இருந்து அடியில பளிச்சுனு ஊதாவோ ரோஸோ இருந்தா அது ஆரம்ப கால செயற்கை சாயமா இருக்கலாம், செயற்கை சாயமே 1856ல பெர்கின் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் தான், ஆக "300 வருஷம் பழசு"ங்குற பேச்சு அங்கயே முடிஞ்சுது.

3. மூலை. பார்டர் கணக்கா திரும்புதா, முட்டிக்கிட்டு நிக்குதா. பட்டறையா கிராமமான்னு ஒரு துப்பு.

4. எழுத்து, தேதி. ஹிஜ்ரி வருஷத்துல 3 சதவீதம் கழிச்சு 622 கூட்டுனா கிட்டத்தட்ட கி.பி. வரும். எழுத படிக்க தெரியாதவங்க பாத்து நெஞ்சதுல எண் தலைகீழா, கண்ணாடியில பாத்த மாதிரி எல்லாம் வரும், ஒரு எண்ணை மாத்தி முடிச்சு போட்டு நூறு வருஷம் பழசாக்குற வேலையும் நடக்குது.

5. அர்த்தம். மேல சொன்ன நாலும் முடிஞ்சு, இது எந்த ஊர், எந்த மொழி, எந்த சடங்குன்னு தெரிஞ்ச பிறகு.

விலை விஷயத்துக்கு ஒரு உதாரணம். 2009ல ஜெர்மனியில அவுக்ஸ்பர்க்ல ஒரு கம்பளத்துக்கு 900 யூரோன்னு மதிப்பு போட்டு ஏலம் விட்டாங்க, 20,000 யூரோ கிட்ட போச்சு. அடுத்த வருஷம் லண்டன்ல கிறிஸ்டீஸ் ஏலத்துல அதே கம்பளம் 62 லட்சம் பவுண்டு. நடுவுல டிசைன் மாறல, புதுசா எந்த அர்த்தமும் கண்டுபிடிக்கல. ஒவ்வொரு முடிச்சு வரிசைக்கும் மூணு ஊடை ஓட்டி நெய்யுற, ஈரான்ல கெர்மான் ஊரோட 17ஆம் நூற்றாண்டு நெசவைச் சேர்ந்த கம்பளம் அது, பாரிஸ்ல ஒரு பேர் போன சீமாட்டியோட சேகரிப்புல இருந்ததுங்குற ரெண்டு விஷயம் தான் தெரிய வந்துச்சு. 2013ல 3 கோடியே 37 லட்சம் டாலருக்கு போச்சே அரிவாள் இலை கம்பளம், அதுவும் இதே நெசவு தான்.